எடுத்த கருமம் முடித்தல்

திருவள்ளுவர் அமைச்சனுக்குரியவற்றைக் கூறப்புகுந்தவிடத்தில், அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மை என ஓரதிகாரம் வைத்தார். அதன்பின் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என வினைக்கு மூன்று அதிகாரம் வைத்தார். சொல்லுக்கு ஒன்று, செயலுக்கு மூன்று. அவையறிதலும் அவையஞ்சாமையும் பின்னர் வருகின்றனவே, அவையும் சொல்லைப் பற்றியவை அல்லவா என்று ஒருமுறை ஒரு மாணவன் வினாவினான். நல்ல வினா. வினை மூன்றையும் கடந்த பின்னரே அவை வருகின்றன என்று விடையிறுத்தேன். இக்காலத்து அரசாங்கங்கள் இவ்வைப்பு முறையைப் பின்னிருந்து முன்னாகப் படித்துவிட்டன போலும்.

“முன்னெல்லாம் அரசாங்கம் ஒன்றைச் செய்வோமென்றால் செய்தது; இப்போது சொல்வதோடு சரி” என்பது ஆசிரியர் கூடுமிடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. முதியோர் பழமையைப் புகழ்தல் இயல்பு. ஆதலின் இப்பேச்சை அப்படியே கொள்ளுதல் தகாது. ஆயினும் முழுவதும் தள்ளிவிடவும் இயலவில்லை. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, உலகப்போர் ஓய்ந்த கையோடு, சுதந்திரமும் பெற்றிராத இச்சிறு தீவு பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கிற்று. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலே கூடிய குழு 1943இல் விதந்துரைத்தது இரண்டே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதே நாட்டில், 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் அச்சிடுவதற்குத் தாளில்லாக் குறையாற் பிற்போடப்பட்டன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தவுடன் அரசின் ஆற்றல் தேய்ந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். அது எளிது. எது தேய்ந்தது, எப்போது தேய்ந்தது, எவ்விடத்தில் தேயாமல் நின்றது என்று காண்பதே அரிது. அதற்குப் பெருநோக்கங்கள் பலவற்றை மேலெழுந்தவாரியாக எண்ணுவதிலும் ஒன்றை அடிமுதல் நுனிவரை பார்ப்பது நன்று. யான் எடுத்துக்கொள்வது மலேரியாவை ஒழிப்பதற்கு இந்நாட்டரசு செய்த முயற்சி. ஒரு நூற்றாண்டு நீண்ட அவ்வரலாற்றிலே வெற்றியுண்டு. வென்றதைத் தோற்ற கதையுண்டு. தோற்றதை மீட்ட கதையுமுண்டு. தமிழ்ப் பண்டிதனுக்கு நுளம்போடு என்ன வேலை என்று எவரேனும் கேட்பின், வன்னியில் வாழ்ந்த எவர்க்கும் அதனோடு வேலை இருந்தது என்பதே மறுமொழி.

காய்ச்சல் வந்த வழி

மலேரியா என்பது இத்தாலிய மொழிச்சொல். தீய காற்று என்பது பொருள். சேற்று நிலத்துக் காற்றினாலே நோய் வருகின்றது என்று மேனாட்டார் நெடுங்காலம் நம்பியிருந்தமையால் அப்பெயர் வந்தது. நம்மவர் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் வழங்கினர். காரணத்தைத் தவறாகச் சொல்லாமற் கண்ட குணத்தை மட்டும் சொன்னமையால், பெயரிடுவதில் நம்மவரே உண்மைக்கு அண்மையில் நின்றனர் எனலாம்.

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்தோடும் ஈரவலய ஆறுகள் வற்றி, மணற்படுக்கையிலே சிறுசிறு குட்டைகளாகத் தேங்கின. ஓடுநீரில் வாழாத அனோபிலிசு நுளம்பு தேங்கிய தெளிநீரில் முட்டையிட்டுப் பெருகிற்று. உலர்வலயத்தார் பிறந்தது முதல் இக்காய்ச்சலோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள். கேகாலை, குருநாகல் முதலிய பகுதி மக்களோ அஃதில்லாதவர்கள். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுப்பகுதிவரை, ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். குருநாகலிலே 1911ஆம் ஆண்டிலேயே மலேரியாத் தடை முயற்சி தொடங்கியிருந்தும் அரசாங்கம் இப்பேரழிவை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்கவில்லை. கொயினா மருந்தும் அரிசியும் ஊர்களுக்குப் போய்ச்சேர்வதற்குத் தொண்டர்கள் அலைய வேண்டியிருந்தது. ஆகவே பழைய அரசாங்கம் எல்லாம் வல்லது என்னும் எண்ணத்தை ஈண்டே கழித்துவிடுதல் வேண்டும்.

வேறொன்றும் நினைக்கத்தக்கது. 1931இல் இந்நாட்டில் வளர்ந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. நோயில் மாண்ட குடியானவன் வாக்காளன். அவன் பக்கத்து வீட்டானும் வாக்காளன். அரசசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அடுத்த தேர்தலில் அவ்வூருக்குப் போகவேண்டியிருந்தது.

பதினேழு பேர்

உலகப்போர் முடியுந் தறுவாயில் டி. டி. ரி. என்னும் பூச்சிமருந்து கைக்கு வந்தது. அது செய்யும் வேலை மிக எளியது. நுளம்பு இரத்தம் உறிஞ்சியபின் உடல் கனத்துச் சுவரிலே தங்கும். சுவரில் மருந்து பூசியிருந்தால் அங்கேயே சாகும். நோயைக் காவிக்கொண்டு அடுத்தவனிடம் செல்வதற்கு அது உயிரோடிராது. சொல்வதற்கு இரண்டு வரியிலடங்கும் இவ்வேலையைச் செய்வதற்கு, ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு மண்வீட்டிலும், உட்சுவரும் கூரையின் உட்புறமும் விடாமல், மருந்தின் வலி தீருந்தோறும் மறுபடியும் விசிறவேண்டும். முதுகிலே விசிறுகருவியைச் சுமந்து காட்டுப்பாதையில் நடந்த மனிதர்கள் வேண்டும். அவர்கள் சென்றார்களா என்று பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். பார்த்ததை எழுதுவதற்கு ஒரு கந்தோர் வேண்டும். எழுதியதைப் படிப்பதற்கு ஒரு வைத்தியர் வேண்டும்.

இவையெல்லாம் இருந்தன. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆகக் குறைந்தது. இக்குறைவு முழுவதும் மருந்தினால் வந்ததா, உணவும் மருத்துவ நிலையங்களும் பெருகியமையும் சேர்ந்து வந்ததா என்று பொருளியலார் பலகாலம் வழக்காடியிருக்கின்றனர். அவ்வழக்கு எவ்வாறு தீரினும், காய்ச்சலுக்கு அஞ்சி மனிதர் ஒதுங்கிய உலர்வலயக் காடு வெளியாகிற்று என்பதில் ஐயமில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்ற குடியேற்றங்கள் இந்நோய் அடங்கியமையாலேயே கைகூடின. அக்குடியேற்றங்கள் நாட்டின் குடிப்பரம்பலை மாற்றிய முறையும், அதனாற் கிழக்கிலே தமிழ்பேசும் மக்கள் கொண்ட மனப்புண்ணும் தனிக்கட்டுரைக்குரியன. ஒரு நோக்கத்திலே வெற்றிபெற்ற அரசு அவ்வெற்றியை எதற்குப் பயன்படுத்திற்று என்பது வேறொரு கேள்வி என்று மட்டும் ஈண்டுக் குறித்துச் செல்கின்றேன்.

1958இல், தடுத்தல் என்னும் நோக்கத்தை விடுத்து முற்றாக ஒழித்தல் என்னும் நோக்கத்தை அரசு மேற்கொண்டது. 1940களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த நோயாளர் தொகை ஆண்டுதோறும் இறங்கிற்று. 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேர்.

காவலைக் கலைத்த கதை

கதிர் முற்றும் வரை காத்த வயலில், அறுவடைக்கு முதல்நாளிரவு பரணைவிட்டு இறங்கிப்போகும் கமக்காரன் இல்லை. ஓர் அரசு அவ்வாறு செய்தது. 1964 முதல் மருந்து விசிறல் நிறுத்தப்பட்டது. விசிறலை நிறுத்துவது திட்டத்திலே எழுதப்பட்டிருந்ததுதான். அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் விசிறல் நின்றபின் கண்காணிப்பு இருமடங்காக வேண்டும் என்பதும் அதே திட்டத்திலே எழுதப்பட்டிருந்தது. காய்ச்சலென்று வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு துளி இரத்தமெடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசி நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்க்கவேண்டும். நோயில்லாத காலத்தில் ஆயிரம் தகட்டிலும் ஒன்றும் இராது. ஒன்றும் இராத தகட்டை நாள்தோறும் பார்ப்பதைப் போலச் சலிப்பான வேலை வேறில்லை. அச்சலிப்புக்குச் சம்பளம் கொடுப்பதற்கு எந்த அரசாங்கத்துக்கும் மனம் வருவது அரிது. பணமும் குறைந்தது, கண்ணும் சோர்ந்தது.

1967இலும் அதற்கடுத்த ஆண்டிலும் மழை குன்றிற்று. மறுபடியும் ஆறுகள் குட்டைகளாயின. மாணிக்கம் அகழ்ந்தோர் மூடாமல் விட்டுச்சென்ற குழிகளிலும் நீர் தேங்கிற்று. இடைக்காலத்திற் பிறந்த பிள்ளைகள் நோயை அறியாதவர்கள், எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்கள். 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் நாட்டை வளைத்தது. 1969இல் மட்டும் நோயாளர் ஐந்து இலட்சத்தைக் கடந்தனர். பதினேழு ஐந்து இலட்சமாவதற்கு ஆறு ஆண்டு போதியதாயிற்று. மறுபடியும் டி. டி. ரி. யை எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகிக்கொண்டிருந்தது. 1977இல் மலத்தயனுக்கு மாறவேண்டியதாயிற்று.

மேனாட்டு எழுத்தாளர் சிலர், ரேச்சல் கார்சன் என்னும் அம்மையார் 1962இல் பூச்சிமருந்துகளின் தீமைபற்றி எழுதிய நூலினாலே அஞ்சி இலங்கை மருந்தைக் கைவிட்டதென்று எழுதுவர். இக்கூற்று மெய்யன்று. அஞ்சியதனால் விட்டோமல்லோம், முடிந்துவிட்டது என்று எண்ணியதனால் விட்டோம். அச்சத்தினும் இவ்வெண்ணம் கொடியது.

1987இல் நோயாளர் தொகை ஆறு இலட்சத்தைத் தாண்டிற்று. குளோரோகுயின் மாத்திரையின் கசப்பு எம்போன்றோர் நாவிலே தங்கியது அக்காலத்திலேதான். வகுப்பிலே பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்த வாரங்கள் உண்டு. வரவுப் பதிவேட்டைத் திறந்தாற் காய்ச்சலின் முறையை அதிலேயே படித்துவிடலாம்.

தேய்ந்தது எது

இக்காலத்தை ஒட்டியே அரசின் உறுப்புக்களில் ஒன்று மெல்லமெல்ல வலியிழந்தது. அஃது யாது என்று பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரசாங்க உத்தியோகத்தரை நியமித்தலும் இடம்மாற்றுதலும் ஆகிய அதிகாரத்தைச் சுதந்திரமான ஆணைக்குழுவிடமிருந்து எடுத்து அமைச்சரவையின் கையில் வைத்தது. அதன்பின் நாடாளுமன்ற உறுப்பினரின் ஒரு துண்டுக்கடிதம் கையிலிருந்தாலன்றிச் சிற்றூழியனாகவும் சேரமுடியாத காலம் வந்தது. 2001இல் பதினேழாந் திருத்தம் ஆணைக்குழுவுக்கு அதிகாரத்தை மீட்டுக் கொடுத்தது. 2010இல் பதினெட்டாந் திருத்தம் அதனைப் பறித்தது. 2015இற் பத்தொன்பதாந் திருத்தம் கொடுத்தது. 2020இல் இருபதாந் திருத்தம் பறித்தது. 2022இல் இருபத்தோராந் திருத்தம் மறுபடியும் கொடுத்தது. இருபத்தோராண்டில் ஐந்து மாற்றம். சிறுவர் கயிறிழுக்கும் விளையாட்டிலே இவ்வளவு விரைவைக் காணமுடியாது. வெற்றுத் தகட்டைச் சலியாது பார்க்கும் பணியாளனை வேலைக்கு எடுப்பது வேறு. தேர்தலிலே சுவரொட்டி ஒட்டியவனை வேலைக்கு எடுப்பது வேறு. தொகை பெருகிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசிடம் சம்பளம் பெறும் நாடாயிற்று இது. தொகை பெருகப் பெருக ஆற்றல் பெருகவில்லை.

இரண்டாவது தேய்வு அரசிறையில் நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டளவிலே நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்திலொரு பங்களவு அரசின் வருவாயாக இருந்தது. 2022இல் அது பன்னிரண்டிலொரு பங்களவுக்கு இறங்கிற்று. 2019ஆம் ஆண்டின் இறுதியிற் பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்தமை இவ்விறக்கத்தை விரைவுபடுத்திற்று. புறநானூற்றிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குக் கூறிய அறிவுரை, அளவுக்கு மிஞ்சி இறைகொள்ளும் அரசனை நோக்கியது. கொள்ளவேண்டியதையும் கொள்ளாமல், கடன்வாங்கிக் கொடை கொடுக்கும் அரசனைப் பற்றிப் பாட அப்புலவர்க்கு நேரவில்லை. 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று இலங்கை அறிவித்தது.

போருக்கு நடுவே

இவ்வளவும் சொல்லியபின் மலேரியாக் கதையின் பிற்பாதியைச் சொல்லுவது என் கடன். ஏனெனில் அப்பிற்பாதி, அரசு எல்லாவிடத்தும் தேய்ந்தது என்னும் பேச்சைப் பொய்யாக்குகின்றது.

1999இல் நாட்டில் மலேரியா கண்டவர் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பகுதியினர் வாழ்ந்த வடக்கும் கிழக்கும் போர்க்களமாக இருந்தன. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு சோதனைச் சாவடியிலிருந்து மறு சோதனைச் சாவடிக்கு மருந்துப்பெட்டி போவதற்கு இரு தரப்பாரிடமும் அனுமதி வேண்டும். அத்தகைய ஆண்டுகளிலேதான் நோய் இறங்கத் தொடங்கிற்று. 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளர் பதிவுசெய்யப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்று வழங்கிற்று.

இஃது எப்படி இயன்றது? மலேரியா தடை இயக்கம் 1989இல் மாகாணங்களுக்குப் பரவலாக்கப்பட்டது. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான மலேரியாத் தடை அதிகாரி ஒருவர் அப்பகுதியிலேயே இருந்தார். எந்தக் குளத்தின் அலைகரையில் நுளம்பு பெருகும், எந்தச் சேனைக்கு எந்த மாதத்தில் ஆட்கள் போவார்கள் என்பதைக் கொழும்புக்கு எழுதிக் கேட்கவேண்டிய தேவை அவருக்கில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப விசிறி நுளம்பைப் பழக்கிய பிழையை விடுத்து, இடத்துக்கிடம் மருந்தை மாற்றினர். மருந்தூட்டிய நுளம்புவலைகளைக் கொடுத்தனர். வைத்தியசாலைக்கு வரமுடியாதவரிடம் நடமாடும் மருத்துவக்குழு போய் இரத்தம் பார்த்தது. வெளியிலிருந்து வந்த உதவிப் பணமும், சர்வோதயம் போன்ற தொண்டு நிறுவனங்களும், செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையும் இருந்தன. போரிட்ட இரு தரப்பாரும் இப்பணியாளர்க்கு வழிவிட்டனர். நுளம்பு எந்தச் சீருடையையும் பார்த்துக் கடிப்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். 2009இல் இலட்சக்கணக்கானோர் முகாம்களில் நெருங்கி வாழநேர்ந்தபோதும் நோய் அங்கே வெடித்துப் பரவவில்லை. காட்டிலே தங்கிய படையினரிடமே அது கடைசிவரை ஒட்டிக்கிடந்தது. அவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் பரிசோதித்தார்கள்.

இந்த ஆண்டுகளில் ஆட்சி பலமுறை மாறிற்று. அமைச்சர் மாறினர். இப்பணியாளர் மாறவில்லை. இவர்களுடைய பெயர் எந்த அடிக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. நாட்டிலே திறந்துவைக்கப்பட்ட கட்டடங்களின் கல்வெட்டுக்களைத் தொகுத்தால் ஒரு பெருநூலாகும். மலேரியா ஒழிந்ததற்குத் திறந்துவைக்க ஒரு கட்டடமும் இல்லை.

பத்தாண்டை ஒரு போகமாக்கியமை

இதனோடு 2021ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாட்டின் வேளாண்மையைச் சேதனப் பசளைக்கு மாற்றுவது என்பது 2019ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையிலே பத்தாண்டுக்கால நோக்கமாகக் கூறப்பட்டது. நல்ல நோக்கமே. மண்ணின் நலத்தையும் உண்போர் நலத்தையும் கருதியது. 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே முறையாகத் தடைசெய்யப்பட்டது. வயல்களுக்கு வேண்டிய சேதனப் பசளை நாட்டில் இருக்கவில்லை. அதை ஆக்குவோர்க்குப் பயிற்சியும் இருக்கவில்லை. வேளாண்மை அறிஞர் பலர் எச்சரித்தனர். கேட்பார் இல்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்த பசளையிலே தீய நுண்ணுயிர் உண்டென்று கண்டு கப்பலைத் திருப்பியனுப்ப, அதற்கும் 67 இலட்சம் டொலர் கொடுக்கவேண்டியதாயிற்று. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. காலம் கடந்துவிட்டது. 2021/22 காலபோகத்தின் நெல்விளைச்சல் முந்திய ஆண்டிலும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. விதைத்த செலவும் கைக்கு வராமல் வயலை வெறித்துப் பார்த்து நின்ற கமக்காரரை வடக்கிலும் தெற்கிலும் யாவரும் கண்டோம்.

பெருந்திட்டத்தைச் சுருக்கிச் செய்தல் எப்போதும் தோற்கும் என்றும் சொல்லமுடியாது. முப்பதாண்டில் முடிப்பதற்கென 1968இல் வகுத்த மகாவலித் திட்டத்தின் பெரும்பகுதியை ஆறாண்டில் முடிக்கப்போவதாக 1977இல் வந்த அரசு கூறிற்று. பிரித்தானியா விக்டோரியாவுக்கும், சுவீடன் கொத்மலைக்கும், மேற்கு யேர்மனி ரந்தெனிகலைக்கும், கனடா மாதுறு ஓயாவுக்கும் உதவின. சொன்ன காலத்துக்குச் சற்றுப் பிந்தினாலும் அணைகள் எழுந்தன. மாதுறு ஓயாவிலே பொறியியலாளர் அணைக்கென்று தேர்ந்த இடத்தைத் தோண்டியபோது, முன்னோர் அமைத்த பழைய மதகு அதே இடத்திலே வெளிப்பட்டது. எனினும் அதே பெருந்திட்டத்தைச் சேர்ந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் நிறைவெய்தியது 2018இலேதான். அணையைப் பிறர் பணத்தாலும் பிறர் கையாலும் கட்டுவித்தல் இயலும். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச்சேர்வதற்கு நம்மவரே வரம்பிலே நிற்கவேண்டும்.

ஓர் உம்மை

தமிழாசிரியன் ஒருவன் இப்பொருளைப்பற்றி எழுதுகையில் மொழியைத் தொடாது விடமுடியாது. 1956இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. அச்சட்டம் வெகுவிரைவாக நடைமுறைக்கு வந்தது என்பதை மறத்தலாகாது. அரசு மனங்கொண்டால் அதன் கை எவ்வளவு நீளும் என்பதை நம்மவர் கண்டுகொண்ட சந்தர்ப்பம் அது. 1958இல் நிறைவேறிய தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்கு ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டது 1966இல். 1987இற் பதின்மூன்றாந் திருத்தம், இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் எனக் கூறி, அடுத்துத் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் எனக் கூறிற்று.

நன்னூலார் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார். இவ்வும்மை யாது? முன்னே சிங்களம் கூறப்பட்டமையின் இறந்தது தழீஇய எச்சவும்மை என்பது இலக்கண விடை. செயலளவில் நோக்கினால் அது ஐயவும்மையாக நின்றது என்று சொல்லத் தோன்றுகின்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 2007இல் வந்த சுற்றறிக்கை ஒன்று, அவ்வாண்டு யூலைக்குப் பின் சேரும் அரசாங்க உத்தியோகத்தர் ஐந்தாண்டுக்குள் மற்றைய மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதித்தது. கணக்கிட்டுப் பாருங்கள். அவ்விதியின்படி முதலிற் சேர்ந்தோர்க்கு 2012 யூலையிலேயே தவணை முடிந்துவிட்டது. அதற்குப் பல ஆண்டுகளின் பின்னரும் ஒரு முதியவர் ஒரு திணைக்களத்திலிருந்து வந்த சிங்களக் கடிதத்தை எம்மிடம் கொண்டுவந்தார். எம் ஆசிரியர்களுள் சிங்களம் அறிந்த ஒருவரே படித்துச் சொன்னார். பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று அதில் இருந்தது. அவர் கைக்கு அது வந்து இருபது நாளாகியிருந்தது.

இவ்விடத்திலே சட்டம் உண்டு, ஆணைக்குழு உண்டு, சுற்றறிக்கை உண்டு. இல்லாதது யாதெனின், ஒவ்வொரு கந்தோரிலும் எத்தனை கடிதம் எந்த மொழியிற் போயிற்று என்று மாதந்தோறும் எண்ணி, எண்ணியதை மேலே அனுப்பி, மேலேயுள்ளவர் அதனைப் படித்துக் காரணம் கேட்கும் ஒழுங்கு. மலேரியாவுக்கு அவ்வொழுங்கு இருந்தது. ஒரு துளி இரத்தத்துக்குக் கிடைத்த கணக்கு ஒரு கடிதத்துக்குக் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் போதாமை, பணம் போதாமை என்று காரணம் கூறுவர். மலேரியாத் தடை இயக்கத்துக்கும் ஒன்றும் மிஞ்சிக்கிடக்கவில்லை. எண்ணப்படாத குறையை யாரும் தீர்க்க முற்படுவதில்லை என்றே யான் கருதுகின்றேன்.

புதிய நுளம்பு

மலேரியாக் கதை முடிந்துவிட்டதா என்றால், முடியவில்லை. சான்று கிடைத்த 2016ஆம் ஆண்டின் இறுதியிலேயே மன்னாரில் ஒரு புதிய நுளம்பு காணப்பட்டது. அனோபிலிசு இனத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. பழைய நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடிற்று. இது கிணற்றையும் சீமெந்துத் தொட்டியையும் நாடுகின்றது. கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணத்துக்கும் அது பின்னர் வந்துசேர்ந்தது. வெளிநாடு சென்று திரும்புவோர் நோயைச் சுமந்து வருவது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. நோயைச் சுமந்தவரும் நுளம்பும் ஓரிடத்திற் கூடாமற் பார்ப்பதே இப்போதைய வேலை. காய்ச்சலோடு வந்திறங்கிய ஒருவரிடம் மலேரியா கண்டால், பணியாளர் அவர் வீட்டைச் சூழவுள்ள நீர்நிலைகளையெல்லாம் பார்க்கின்றனர். கிணறுகளிலே குடம்பிகளைத் தின்னும் சிறுமீன்களை விடுகின்றனர். ஆயிரம் தகட்டில் ஒன்றும் இராத அதே வேலை மறுபடியும் தொடர்கின்றது. 1964இல் நிகழ்ந்தது எல்லார்க்கும் தெரிந்திருக்கின்றது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப்பின் வைத்தியரும் தாதியரும் பிற பணியாளரும் பெருந்தொகையினராக நாட்டைவிட்டு வெளியேறினர். சம்பளம் வாழ்க்கைக்குப் போதாதபோது போகவேண்டாம் என்று எவரையும் சொல்லமுடியாது. போனவரின் நாற்காலி ஒரு கந்தோரிலே வெறுமையாகக் கிடந்தாற் கடிதம் பிந்தும். நுணுக்குக்காட்டியின் முன்னாலே வெறுமையாகக் கிடந்தால், அது வெறுமையாகக் கிடக்கின்றது என்பதே அடுத்த மழை பொய்க்கும்வரை ஒருவர்க்கும் தெரியாது. வரவு செலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் நவம்பரளவிலே பாராளுமன்றத்திற் படிக்கின்றார்கள். பாலங்களையும் வீதிகளையும் தேடிப் படிக்கும் நம் உறுப்பினர்கள், மலேரியா தடை இயக்கத்தில் எத்தனை பணியிடம் வெறுமையாக உள்ளது என்று ஒரு கேள்வி கேட்கலாம்.